பொன்னாடை போர்த்தி உட்கார வைத்த பேண்டு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷத்தை ஓட்டிவிட்டேன். பயத்தினால் அல்ல. கல்யாணத்துக்கு நின்ற பெண்பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். அம்மாக்காரி சபையில் எழுந்து நின்று கத்தினவள் என்ற பேச்சு ஊரில் ஏற்கெனவே இருந்தது. அதை நீயே காகிதத்தில் போட்டு முத்திரை குத்தணுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இன்னொன்று, நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரைக்கும்தான். ஜெபப் புத்தகம் படிப்பேன், பத்திரிகை படிப்பேன். கதை கட்டத் தெரியாது. இது கதையும் இல்லை. பெண்பிள்ளைகள் எல்லாரும் இப்போது அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இனி யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? ஆண்டவர் சாட்சியாக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாய் நாட்டில் குருண் பக்கத்தில் இருந்தது. அறுபதுகளில், நான் தாவணி போட்டிருந்த காலத்தில், அங்கே நாலு இளவட்டங்கள் சேர்ந்து ஒரு கித்தார் பேண்டு வைத்திருந்தார்கள். ஒருத்தர் கித்தார், ஒருத்தர் கனத்த சத்தம் வரும் பேஸ் கித்தார், ஒருத்தர் ட்ரம், ஒருத்தர் பாட்டு. காலையில் பால்மரம் சீவி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் ஸ்டோருக்குப் பின்னால் போய்ப் பழகுவார்கள். இறுக்கிப் பிடித்த கால்சட்டை, நெற்றியில் வந்து விழும் முடி. ஆங்கிலப் பாட்டு, மலாய்ப் பாட்டு, தமிழ்ப் பாட்டு என்று எதையும் விடமாட்டார்கள். யான் என்ற ஊர் வரைக்கும் லோரி வைத்து அவர்களைக் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பையன்கள் அவர்கள் பின்னாலேயே திரிந்தார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. "கித்தார் சத்தம் வர்ற பக்கம் தலை திரும்புச்சு, காலை ஒடிச்சிடுவேன்" என்று எங்கப்பா சொல்லியிருந்தார். தலையைத் திருப்பாமல்தான் கேட்டேன். குழாயடியில் துணி துவைக்கும்போது அந்தப் பேஸ் கித்தார் சத்தம் சிமெண்டுத் தரை வழியாக வந்து உள்ளங்காலில் ஏறும். எங்கள் தோட்டத்துப் பேண்டு வாசித்ததை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. கால்தான் கேட்டது.

எழுபதுகளில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நாங்கள் குடியிருந்த லயங்கள் காலியாயின. பேண்டும் கலைந்து ஆளுக்கொரு பக்கம் போனது. நான் கல்யாணம் முடித்து கூலிம் டவுனுக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குப் பலகைத் தொழிற்சாலையில் வேலை. பிள்ளைகள், கோயில், வெள்ளிக்கிழமை வீடு வீடாகப் போய்ச் செபமாலை சொல்லுவது என்று என் காலம் போனது. செபமாலையை முன்னால் நின்று சொல்லும் பொறுப்பை எங்கள் கோயிலில் எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்கு ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். முடி முன்னால் கொட்டி, தொப்பை விழுந்து, மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். பேச்சு கொடுத்தபோதுதான் தெரிந்தது, எங்கள் தோட்டத்துக் கித்தார்க்காரர்தான் இவர்.

கொஞ்ச நாளில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் வர ஆரம்பித்தது. கரண்டில் மாட்டாமல், வறட்டுச் சத்தமாக, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப. அவர் மனைவி வேலி ஓரம் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க செபத்துக்கு இடைஞ்சலா இருக்கா? ஒரு வார்த்தை சொல்லுங்க, தூக்கிட்டுப் போய்ப் பாசார்ல வித்துடுறேன்."

"இடைஞ்சலே இல்லம்மா. இன்னும் கொஞ்சம் சத்தமா வாசிக்கச் சொல்லு."

"ஐயோ, நீங்களுமா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். பழைய தோட்டத்து ஆட்களை எல்லாம் ஒன்று கூட்டி, டவுன் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிகழ்ச்சி வைக்கிறார்களாம். நாலு பேரையும் தேடிப் பிடித்து, வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பேஸ்காரர் யானில் நெல் ஆலையில் இருந்தார். ட்ரம்காரர் ஒரு தோட்டத்து கிளினிக்கில் மருந்து கட்டுகிறவர். பாட்டுக்காரர் குருணில் காப்பிக் கடை வைத்திருந்தார். ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்து பக்கத்து வீட்டில் கூடினார்கள். ட்ரம்முக்குப் பதில் பிஸ்கட் டின். பேஸ்காரரின் விரல் நுனியெல்லாம் வீங்கிப் போய், தண்ணீர்க் கிளாசில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

"எதுக்குண்ணே இவ்வளவு சிரமம்?" என்று கித்தார்க்காரரிடம் கேட்டேன்.

"இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு தங்கச்சி. நாங்க நாலு பேரும் உயிரோட இருக்கிறப்ப ஒரு தடவை. முழுசா, ஆள் முன்னால. அவ்வளவுதான் கேக்குறோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் பூசை கண்டு, சாமியார் கையால் நன்மை வாங்கி, வீட்டுக்கு வந்து சமைத்து வைத்துவிட்டு வீட்டுக்காரரோடு மண்டபத்துக்குப் போனேன். குருண் பக்கத்திலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். குழாயடியில் என்னோடு துணி துவைத்தவர்கள் எல்லாம் நரைத்த தலையோடு முன்வரிசையில். மேடையில் ட்ரம், கித்தார், சத்தப் பெட்டி எல்லாம் பூட்டித் தயாராக இருந்தது. மூன்று மணிக்கு வாசிப்பு என்றார்கள். ஆறு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும், சாயங்காலம் ஒரு சீனர் கல்யாண விருந்து.

நாலு பேரும் ஒரே நிறத்தில் சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள். ட்ரம்காரர் நெற்றியில் பட்டையாகத் திருநீறு. அவர்களை மேடைக்கு அழைத்தார்கள். நாங்கள் கை தட்டினோம். வாத்தியத்துக்கு முன்னால் நாலு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார்கள்.

அதோடு ஆரம்பித்தது மரியாதை.

ஒருத்தர் வந்து மாலை போட்டார். இன்னொருத்தர் பொன்னாடை போர்த்தினார். சிறப்பு விருந்தினராக வந்த பிரமுகர் பேசினார். அவருக்கு நன்றி சொல்லி ஒருத்தர் பேசினார். பேச வந்தவரெல்லாம் "நம் முன்னோடிகள்", "நம் பொக்கிஷங்கள்" என்று சொல்லிவிட்டுத் தன் கதையைச் சொன்னார். நாலு பேருக்கும் மாலை காதுவரைக்கும் ஏறிவிட்டது. பொன்னாடைக்குள் வியர்த்து வழிய, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வாத்தியத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். கித்தார்க்காரர் மட்டும் பொன்னாடைக்கு அடியில் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். கை விறைத்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

நம் ஜனங்களுக்கு ஒருத்தரை மதிப்பது என்றால் அவரை உட்கார வைப்பதுதான். வயசானவர் கையில் என்ன வேலை இருக்கிறது என்று பார்க்கமாட்டோம். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மாலையைப் போடுவோம். கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. அதுதான் கொடுமை.

ஐந்து மணியும் ஆகிவிட்டது. பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு சீனத் தொழிலாளிகள் வட்ட மேசைகளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஏற்பாட்டுத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "நேரம் போதாத காரணத்தால் இசை நிகழ்ச்சி இன்று இடம்பெறாது. இந்தப் பெரியவர்களைச் சிரமப்படுத்தவும் நமக்கு மனமில்லை. அவர்களின் ஆசியைப் பெற்று விடைபெறுவோம்" என்றார்.

பேஸ்காரர் தன் விரல்களைப் பார்த்தார்.

நான் எழுந்துவிட்டேன்.

"உட்காரு, மானம் போவுது" என்று வீட்டுக்காரர் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"மானம் உங்க நாற்காலியிலயே உட்காந்திருக்கட்டும். நான் நிக்கிறேன்" என்றேன். பிறகு மேடையைப் பார்த்துக் கத்தினேன். "தலைவரே! ஆசி வாங்க நாங்க கோயிலுக்குப் போவோம். இங்க பேண்டு கேக்க வந்தோம். பேசினது போதும், அவங்க வாசிக்கட்டும்!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. தலைவர் சிரித்த முகத்தோடு, "அம்மா, பெரியவங்களுக்கு மரியாதை..." என்று ஆரம்பித்தார்.

"மரியாதை செஞ்சாச்சு லா! இனி ஆளை விடுங்க!" இது நான் சொன்னதில்லை. முன்வரிசையில் குழாயடிக் கூட்டாளி ஒருத்தி. அதற்குப் பிறகு யார் யார் என்று தெரியாது. பெண்கள்தான் முதலில் கை தட்டி, "வாசி! வாசி!" என்று தாளம் போட்டார்கள்.

முதலில் எழுந்தவர் ட்ரம்காரர். யாரிடமும் கேட்கவில்லை. மாலையைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, நாற்காலியில் வைத்தார். பொன்னாடையை எடுத்து மடித்தார், சுருட்டினார், குனிந்து பெரிய ட்ரம்முக்குள் திணித்தார். துணி வைக்காவிட்டால் அந்த ட்ரம் வெறும் தகரம் மாதிரி அலறும். கொண்டுவந்த துணியை வேனிலேயே மறந்துவிட்டார்களாம். அடுத்த கணம் மற்ற மூன்று பேரும் எழுந்தார்கள்.

மைக்கை அணைக்கச் சொல்லி ஒருத்தர் ஓடினார். மைக்செட்காரர் வாயில் வெற்றிலையோடு, "ஆறு மணி வரைக்கும்தானே வாடகை? இன்னும் ஆறு ஆகலையே" என்றார்.

சரி, எப்படி வாசித்தார்கள்? உள்ளதைச் சொல்கிறேன். முதல் பாட்டு பாதியில் விழுந்தது. ட்ரம்காரர் அவசரத்தில் வேகமாக ஆரம்பித்துவிட்டார், பேஸ் பின்னால் ஓடி ஓடிக் களைத்துப் போனது. பின்வரிசை இளவட்டங்கள், "தாத்தா, பிரேக் போடுங்க!" என்று கத்தினார்கள். கித்தார்க்காரர் மைக்கில், "பிரேக் இருக்கு தம்பி, கியர்தான் மாட்டல" என்றார். மண்டபம் சிரித்தது. மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள்.

இந்தத் தடவை மாட்டியது.

பாட்டுக்காரருக்கு மேல் சுருதி எட்டவில்லை. எட்டாத இடத்தில் மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார், நாங்கள் பாடினோம். பேஸ்காரர் மூக்குக் கண்ணாடி வழுக்க, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். கித்தார்க்காரரின் கை ஸ்டியரிங் பிடித்துத் தடித்த கை. அது கம்பிமேல் ஓடும்போது பார்க்கவேண்டும். இடையிடையே தப்பியது, தப்பினால் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார். சின்ன வயசில் தப்பாமல் வாசித்திருப்பார்கள். ஆனால் அன்றைக்கு வாசித்தது போல வாசித்திருக்கமாட்டார்கள், அதை மட்டும் நான் அடித்துச் சொல்வேன். சீனத் தொழிலாளிகள் மேசை விரிப்பைக் கையில் வைத்தபடியே நின்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் உட்பட ஒருத்தரும் நாற்காலியில் இல்லை. ஆறு மணிக்கு நிறுத்தினார்கள்.

அடுத்த வாரத்துக்குள் கதை மாறிவிட்டது. நாலு பேரும் குடித்திருந்தார்களாம். பிரமுகர் போர்த்திய பொன்னாடையை அவர் முகத்திலேயே வீசினார்களாம். யாரோ ஒரு பொம்பளை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மேடை ஏறினாளாம். அந்தப் பொம்பளை நான்தான். எனக்குப் பரவாயில்லை. லோரி ஓட்டுகிறவருக்குக் குடிகாரன் என்று பெயர் வந்தால் என்ன ஆகும்? அவர் முதலாளி கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். கித்தார்க்காரர் மனைவி வேலி ஓரம் வந்து அழுதாள். கித்தாரைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டாராம்.

கோயிலிலும் பேச்சு வந்தது. அந்தப் பிரமுகர் கோயிலுக்கு வேண்டியவர். சபையில் நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்றார்கள். சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், வயசில் சின்னவர்.

"அம்மா, ஒரே வார்த்தைதானே? சமாதானத்துக்காகக் கேட்டுடுங்களேன்."

"சாமி, செய்யாத பாவத்துக்குப் பாவசங்கீர்த்தனம் உண்டா?"

அவர் மேசையில் இருந்த புத்தகத்தை நகர்த்தி வைத்தார்.

"நான் மன்னிப்புக் கேட்டா அவங்க குடிச்சிருந்தாங்கன்னு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும் சாமி. பொய்ச் சாட்சி சொல்லாதேன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

செபமாலை முன்னால் நின்று சொல்லும் பொறுப்பை வேறு ஒருத்தருக்குக் கொடுத்தார்கள். நான் பின்னால் நின்று சொன்னேன். மாதாவுக்கு முன் எது, பின் எது. லோரி முதலாளி வீட்டுக்கு மட்டும் நானே போனேன். வீட்டுக்காரரும் கூட வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், அவர் உட்காரவே இல்லை. "நானும் பார்த்தேன் தவுக்கே. ஒரு சொட்டு இல்ல" என்று முதலாளியிடம் நின்றபடியே சொன்னார். வேலை நிலைத்தது.

அவர்கள் நாலு பேரும் மறுபடி சேர்ந்து வாசிக்கவில்லை. சேர்த்து வைத்து வாசிக்கச் சொல்ல ஒருத்தரும் வரவில்லை. ஆனால் இன்றைக்கும் கூலிமில் யாராவது அந்தக் குடிகாரக் கதையைச் சொல்லத்தான் செய்கிறார்கள்.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடி சொல்லுங்கள். பெரியவர்கள் மனம் நோகுமே என்று எதையும் மழுப்ப வேண்டாம். என்னைப் பெரிய வீராங்கனை ஆக்கவும் வேண்டாம். முதல் பாட்டு விழுந்ததை விட்டுவிடாதீர்கள், சுருதி எட்டாததையும் விட்டுவிடாதீர்கள். அதையெல்லாம் எடுத்துவிட்டால் மறுபடியும் அவர்களை நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்ட மாதிரி ஆகிவிடும்.