செவலைக்கு என்ன வேலை

கனடாவில் இருக்கும் என் மகன் நாய் ஒன்றைத் தத்தெடுக்கப் போகிறானாம். வாசலில் முழங்கால் அளவு பனி கிடக்கிறது, இவனுக்கு நாய் கேட்கிறது. அதுவும் ஆடு மேய்க்கிற சாதி நாய். யாரோ சமாளிக்க முடியாமல் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போனது. காப்பகத்துக்காரர்கள் எட்டுப் பக்கத்துக்குப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் எத்தனை மணி நேரம் ஆள் இருக்கும், எவ்வளவு தூரம் ஓட விடுவீர்கள், பனி கொட்டினாலும் வெளியே கூட்டிப் போவீர்களா. வீடியோவில் வாசித்துக் காட்டி, "பொண்ணு கேட்டுப் போனப்பகூட இவ்வளவு கேக்கலப்பா" என்றான். கடைசிக் கேள்வி, இந்த நாய்க்கு என்ன வேலை கொடுப்பீர்கள் என்பது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது.

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோமே, அதைச் சொன்ன மகராசன் ஆட்டுக்கிடையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். நான் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால், அன்னவாசல் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆபீசுக்குப் பின்னால் வயல். அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் செம்மறிகளை நடத்திக்கொண்டு வந்து, எருவுக்காக ராத்திரியில் வயலிலேயே அடைத்துக் கிடை போடுவார்கள். ஜன்னலைத் திறந்தால் புழுக்கையும் மூத்திரமும் கலந்த நெடி. செக்ரட்டரி மூக்கில் கர்சீப்பைக் கட்டிக்கொண்டுதான் கையெழுத்தே போடுவார். எனக்கென்னவோ அந்த வாசம் பிடித்துப்போயிற்று. டீ குடிக்கிற சாக்கில் வரப்பில் போய் நிற்பேன்.

செவலையைப் பார்க்கத்தான். கீதாரி நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை விட்டால் போதும், அந்த நாய் வயலை ஒரு வட்டம் போட்டு அத்தனை ஆட்டையும் ஒன்றாக்கிவிடும். கடிக்காது. பின்னங்காலில் மூக்கால் ஒரு தட்டு, அவ்வளவுதான். ஒருநாள் ரோட்டுக்குத் தப்பிய குட்டியைத் திருப்பப் போய் லாரியில் அடிபட்டது. பின்னங்கால் முறிந்துவிட்டது. மறுநாள் கிடை அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். அங்கே வயல்காரருக்குச் சொல்லியாயிற்று. நான்தான் முந்திக்கொண்டு, நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

கீதாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஆபீசுக்குப் போயிருவீங்க. இதுக்கு என்ன வேலை வச்சிருக்கீங்க, தம்பி?"

"நாய்க்கு என்னங்க வேலை? தின்னுட்டுத் தூங்க வேண்டியதுதான்."

"அடுத்த அறுப்புக்கு வாரேன். கட்டி மட்டும் போட்டுராதீங்க. ஒடஞ்சு போயிரும்."

எட்டுப் பக்கப் படிவத்தை அந்த மனிதர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். பெரிய மேதாவி போல அதற்கு நான் சொன்ன பதிலைப் பார்த்தீர்களா?

மாட்டாஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, ஒன்றரை மாதத்தில் கால் கூடிவிட்டது. அப்புறம்தான் கூத்து. தெருவில் நாலு வீட்டு வெள்ளாடுகளையும் ஒரே வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரே கும்பலாக்கிவிடும். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். என் வீட்டுக்காரருக்கு, அதாவது எனக்கு வாடகைக்கு விட்ட புண்ணியவானுக்கு, பொறுக்கவில்லை. "வெறி புடிச்ச நாய் தம்பி இது. இல்லாட்டி ஏன் இப்படிச் சுத்துது?"

வெறியாம்! வேலை தெரிந்த ஒரு ஜீவன் வேலை தேடி அலைந்தால் அதற்குப் பெயர் வெறி. அதே தெருவில் வேலைவெட்டி இல்லாமல் நாளெல்லாம் சீட்டாடியவர்களை எவரும் எதுவும் சொன்னதில்லை. ஒருவரையாவது கடித்ததா, ஒரு குட்டியாவது காணாமல் போனதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயம். சந்தையில் ஒரு சங்கிலி வாங்கி வந்து கொல்லை வேம்பில் கட்டினேன். செவலை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மண்ணில் பள்ளமே விழுந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால் மரத்தடி காலி. வீட்டுக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "நாய் புடிச்சுக் கொல்லுற ஆளுகளை வரச்சொன்னேன். சங்கிலியோட புடிச்சுக் குடுத்துட்டேன். ஒங்களுக்கும் தொல்லை விட்டுச்சு."

அவர் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவிழ்ந்து கிடந்திருந்தால் அதை எந்தக் கொம்பனாலும் நெருங்கியிருக்க முடியாது. பிடித்துக் கொடுத்தது அவர், பிடிக்கத் தோதாகக் கட்டி வைத்தது நான்.

அடுத்த அறுப்புக்குக் கீதாரி வந்தார். சொன்ன சொல் மாறாமல் நேரே என் வீட்டுக்கு வந்தார். "செவலை எங்கிட்டு?"

"பாம்பு கடிச்சிருச்சு" என்றேன். அந்தப் பொய் எப்படி அத்தனை சுலபமாக வாயில் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டார். வேம்பைக் காட்டினேன். டீக்கடைக்குப் போய் ஒரு தம்ளர் பால் வாங்கி வந்து, ஒன்றுமே இல்லாத அந்த மண்ணில் ஊற்றினார். பிறகு என் தோளைத் தொட்டு எனக்கே ஆறுதல் சொன்னார். "சாகுற நேரத்துல பக்கத்துல நீங்க இருந்தீங்கள்ல தம்பி. அது போதும்."

நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்.

அந்த வயலெல்லாம் இப்போது தைலமரம். அடியில் புல் முளைக்காது, ஆடு எதைத் தின்னும்? மிச்சத்தில் பிளாட் கல் நட்டுவிட்டார்கள். கீதாரிகள் இந்தப் பாதையையே விட்டுவிட்டார்கள். மாசி பங்குனியில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னலோரமாகத்தான் உட்காருவேன். தோளில் கம்போடு அவர் எதிரே வந்தால் இறங்கிப் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பல வருஷமாக நினைப்பு. நான் தயாராகி வெகுநாளாயிற்று. காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வேன். துப்புவதற்கு அவர் வர வழியில்லாமல் ஆக்கிவிட்டார்கள்.