சம்பந்தியின் ஒற்றை லைன்

எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள். அவளைப் பற்றி ஆரம்பித்தால் நாள் போதாது. இது அவளுடைய இன்னொரு தாத்தாவின் கதை, என் சம்பந்தியின் கதை.

குழாய் வேலை செய்பவர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே மனைவி இறந்துவிட்டார். மகள் வளர்ந்ததும் அப்பாவும் மகளுமாக மாடி அறையில் சின்னதாக ஒரு ரயில் பாதை போட்டார்கள். விளையாட்டு ரயில் என்று சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். ஒரே லைன், இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஸ்டேஷன், நடுவில் ஆள் உயரப் பலகை. நிஜ ஸ்டேஷன் மாஸ்டருக்கு அடுத்த ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியாதே, அதற்காக. இந்தப் பக்கம் மணி அடித்துக் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து பதில் மணி வந்தால்தான் வண்டி நகரும். இரண்டு மணியையும் ஒரே ஆள் அடிக்கக் கூடாது. அது அவர் சட்டம்.

அந்தப் பக்கத்து ஆள் மகள்தான். என் மகனைக் கட்டிக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு வண்டி ஓடவில்லை.

பேத்தியின் போட்டோவைக் காட்டப் போனேன்.

"மூக்கு உங்க மூக்கு, சம்பந்தி."

"பாவம், வேற மூக்கே கிடைக்கலையா?" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் உட்கார்றீங்களா?"

உட்கார்ந்தேன். மணி அடித்தது.

"லைன் காலியா இருக்கான்னு பாருங்க. அப்புறம் கறுப்புப் பொத்தானை அமுக்குங்க, இங்க பதில் மணி அடிக்கும்."

"என் தலை மாதிரி காலியா கிடக்கு."

அமுக்கினேன். பலகையின் ஓட்டை வழியாக பாசஞ்சர் மெதுவாக வந்து என் பிளாட்பாரத்தில் நின்றது. பலகைக்குப் பின்னால் அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. அதற்குள் என் வீட்டுக்காரி போனில் கூப்பிட்டாள். "குழந்தையைக் குளிப்பாட்டப் போறோம், நீங்க எங்க போய் உட்கார்ந்துட்டீங்க?" போட்டது போட்டபடி ஓடினேன்.

பிறகு குழந்தைக்குச் சளி. வீடே தலைகீழானது. சரியான பிறகுதான் அவரைப் பார்க்கப் போக முடிந்தது. பாசஞ்சர் நான் விட்டுப்போன இடத்திலேயே நின்றது. மேலே ஒரு தூசி இல்லை.

"நீங்களே திருப்பி ஓட்டியிருக்கலாமே?"

"உங்க ஸ்டேஷன்ல நிக்கிற வண்டி. நீங்க கேட்காம நான் எப்படி எடுக்கறது?"

"யாரு பார்க்கப் போறாங்க, சம்பந்தி?"

"யாரும் பார்க்கலைன்னு ஆரம்பிச்சா, அப்புறம் நான் தனியா உட்கார்ந்து பொம்மை ஓட்டற கிழவன்தான்."

"மருமகளை ஒரு நாள் கூட்டிட்டு வரட்டுமா?"

"வேணாம். பச்சை உடம்புக்காரி, படி ஏறக் கூடாது. அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க."

போய் உட்கார்ந்து மணி அடித்தேன். விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. வண்டி ஓட்டைக்குள் நுழைந்து மறைந்தது. சக்கரச் சத்தம் அந்தப் பக்கம் போய் அடங்கியது.

"வந்து சேர்ந்துடுச்சு," என்று குரல் மட்டும் வந்தது. "நீங்க கிளம்புங்க, பேத்தி தேடுவா. வண்டி என் பக்கம் நிக்குது. இங்க எத்தனை நாள் நின்னாலும் பரவாயில்லை."