பின்சக்கரத்துக்குப் பூசிய வண்டி மை

மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்த நான் கார் டிரைவரான புதிதில், முதலாளியின் கார் பின்சக்கரங்களில் கிறீச்சிட ஆரம்பித்தது. "நாளைக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லேன்னா நீ நின்னுக்க" என்றார் முதலாளி.

ஓடும்போது சும்மா இருக்கும் சக்கரம், பிரேக்கை மிதித்தால் மட்டும் ஏன் கத்துகிறது? அதிசயமாகத்தான் இருந்தது. ஆனால் கத்துகிற சக்கரத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வண்டி மை. இரண்டு சக்கரங்களையும் கழற்றி, வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த மையை உள்ளே வழிய வழிய அப்பினேன்.

மறுநாள் தெருவில் மெதுவாகப் போகும்போது பிரேக்கை லேசாகத் தொட்டுப் பார்த்தேன், சத்தமே இல்லை. "பரவால்லயேடா!" என்றார் முதலாளி. சிம்மக்கல் தாண்டி வைகைக்கு இறங்கும் சரிவில் பிரேக்கை மிதித்தேன். சத்தம் நின்றிருந்தது, கார்தான் நிற்கவில்லை. அந்தப் பழைய காருக்குப் பின்சக்கரத்தில் மட்டுந்தான் பிரேக். ஆற்று மணல் எங்களைப் பிடித்து நிறுத்தியது.

வந்து பார்த்த மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்ள, பிரேக் கட்டை தேஞ்சுபோச்சுன்னு சக்கரம் கத்திச் சொல்லியிருக்கு. நீ அது வாயில எண்ணெய ஊத்திட்ட! உரசுனாத்தானே வண்டி நிக்கும்?"

முதலாளி வேட்டியில் மணலை உதறினார். "அம்புட்டு மையையும் நீதான் தொடைக்கணும். அதுவரைக்கும் உனக்கு வேலை இருக்கு."

அவசரமே இல்லாமல் துடைத்தேன்.