மும்தாஜ் அக்காவும் மாடி ஹாலும்

மகள் பிறந்தநாள் சாப்பாட்டுக்காகக் காந்தி மார்க்கெட்டில் வாழை இலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். போன் டிங்கென்றது. எங்கள் கிளப்பின் வாட்ஸப் குழு. ‘மறைந்த மும்தாஜ் அவர்களின் திருவுருவப் படத்திறப்பு. இன்று மாலை. இடம்: ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபம், முதல் மாடி.’ அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். முதல் மாடியாம்! வந்த எரிச்சலில் இலைக்காரர் சொன்ன விலையையே கொடுத்துவிட்டு வந்தேன். கோபம் வந்தால் ஏமாறுவது என் வழக்கம்.

இலைக்கட்டின் அந்தப் பச்சை வாசனை எனக்கு எப்போதும் கிளப்பைத்தான் ஞாபகப்படுத்தும். பேங்க் வேலையில் சேர்ந்த புதிதில், நாலு பெரிய மனிதர்களின் பழக்கம் கிடைக்கும் என்று நம்பி அங்கே உறுப்பினரானேன். கிடைத்ததென்னவோ சாப்பாட்டுக் கமிட்டி. எந்த நல்ல காரியத்திலும் எங்களுக்கு முதலில் மேடை, அடுத்து பொன்னாடை, அப்புறம் சாப்பாடு. நேரமிருந்தால் நல்ல காரியம்.

அந்த வருஷம், போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர்களின் சங்கம் ஒன்றுக்கு நிதி திரட்டினோம். தென்னூரில் ஒரு தையல்கடையை ஒட்டிய சின்ன அறையில் அதை நடத்திவந்தவர் மும்தாஜ் அக்கா. அவருக்கும் வலது காலில் போலியோ. தொடையிலிருந்து பாதம்வரை காலிப்பர், அதாவது இரும்புக் கம்பியும் தோல் வாரும் சேர்ந்த சட்டம். ‘டக், டக்’ என்று சத்தம் முதலில் வரும், பின்னால் அக்கா வருவார். காலிப்பர் உடைந்தால் சரிசெய்ய ஊரில் ஆளில்லாமல், பிழைப்பை விட்டுவிட்டு வீட்டில் முடங்கியவர்கள் அவர் சங்கத்தில் நிறைய. ஒரு பழுதுபார்க்கும் பட்டறை வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

எனக்கு மட்டும் தனியாக ஒன்று சொன்னார். “விழாவைக் கீழ வைங்க தம்பி. எங்காளுங்க யாரும் மாடி ஏற முடியாது.”

தலைவர் கோவிந்தராஜிடம் சொன்னேன். டைல்ஸ் கடை முதலாளி. எதற்கும் தலையாட்டுவார், இதற்கும் ஆட்டினார். ஆட்டிவிட்டு இதே ஸ்ரீரங்கம் மண்டபத்தின் மாடி ஹாலையே பிடித்தார்.

“கீழ பந்தி ஹாலுங்க. அங்க பேனர் எங்க கட்டுறது?”

பேனருக்கு இடமில்லையாம்! கால் முடியாதவர்களுக்கு விழா எடுக்கும் கூட்டத்துக்குப் பேனர்தான் கவலை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

விழா அன்று அக்காவும் அவர் ஆட்களும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிப் படிக்கட்டைப் பார்த்தபடி நின்றார்கள். பட்டுச் சட்டையில் தலைவர் இறங்கி வந்தார்.

“கவலப்படாதீங்கம்மா. நம்ம பசங்க இருக்காங்க. சேரோட அப்படியே தூக்கிடுவோம். போட்டோவுக்கும் நல்லா இருக்கும்.”

“நான் மூட்டை இல்லீங்க சார்.”

சொல்லிவிட்டு அக்கா பந்தி ஹாலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். தலைவர் என்னை ஓரமாக இழுத்தார். “மேடைக்கு ஆள் வராம செக் எப்படிங்க குடுக்கிறது? போலியோதான் ஒழிஞ்சிடுச்சேன்னு பாதி மெம்பருங்க ஏற்கெனவே கேக்குறாங்க. விடுங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

சொல்லிவிட்டு மாடியேறிவிட்டார். பட்டறை போயிற்று என்றே நினைத்தேன். உள்ளே போய் அதை அக்காவிடம் சொன்னேன். அவர் அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

“சாப்பாடு உங்க பொறுப்புதான தம்பி?”

“ஆமாக்கா.”

“அப்பப் பந்தியப் போடுங்க.”

“நிகழ்ச்சி முடிஞ்சுதான்க்கா...”

“போடுங்கன்னா போடுங்க.”

போட்டேன். சாம்பார் வாளி வெளியே வந்ததும் வாசனை மாடியேறியது. ‘இலை போட்டாச்சு’ என்று யாரோ கிசுகிசுத்திருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? தலைவரின் வரவேற்புரை பாதிகூட முடியவில்லை, கூட்டம் மொத்தமும் கீழே. கடைசியில் மைக்செட்காரரும் இறங்கிவிட, தலைவரும் வந்து ஒரு இலையில் உட்கார்ந்தார்.

ரசம் வரும்வரை அக்கா காத்திருந்தார். வரிசையில் எல்லோரும் சாப்பிடும்போது ஒருவர் மட்டும் பாதியில் எழுந்து போவது மரியாதையில்லை, இல்லையா? அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

“போலியோ ஒழிஞ்சிடுச்சுன்னு சொல்றீங்க, சந்தோஷம். ஆனா நாங்க இன்னும் ஒழியலீங்களே,” என்றார் உட்கார்ந்த இடத்திலிருந்தே. “காலிப்பர் உடைஞ்சா எங்களுக்குக் கால் உடைஞ்ச மாதிரி. நாங்க வேலைக்குப் போறதா, மூலையில கெடக்குறதா, நீங்களே சொல்லுங்க.”

ஒருவர் கையும் வாய்க்குப் போகவில்லை. தலைவர் ரசம் வழியும் கையோடு எழுந்து, குழாயடியில் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து செக்கைக் கொடுத்தார். பேனர் இல்லாமலே கொடுத்தார். பட்டறை வந்தது. முடங்கிக் கிடந்த பலர் மறுபடி வேலைக்குப் போனார்கள்.

போன மாதம் அக்கா காலமானார். தென்னூர்ப் பக்கம் அந்த ‘டக், டக்’ இப்போது கேட்பதில்லை.

எரிச்சலோடேதான் மாலையில் மண்டபத்துக்குப் போனேன். அங்கே இன்னும் லிஃப்ட் வைக்கவில்லை. மாலை போட்ட அக்காவின் பெரிய படத்தைப் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்து, “பாத்து, பாத்து” என்று மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். படத்தில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார், பாவம், இனி என்ன சொல்லிவிட முடியும்?

நான் ஏறவில்லை. பந்தி ஹாலை எட்டிப் பார்த்தேன். மேசைகளை அடுக்கிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள்.

“சாப்பாடு கீழ இல்லீங்களா?” என்று காவலாளியைக் கேட்டேன்.

“இப்பல்லாம் பஃபே சார். அதுவும் மாடியிலதான்.”