வார லீவு நாளின் சத்து ஊசி

எண்பதுகளின் நடுவில் ஓசூருக்கு வந்தேன். அதற்கு முன் பர்கூர் பக்கம் கல் குவாரியில் இருந்தேன். அதற்கு முன் ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கூடை தூக்கினேன். அதற்கும் முன் எங்கெங்கோ. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். எந்த ஊரிலும் நிலையாக இருந்ததில்லை; யாரும் துரத்தாமலே கிளம்பிவிடுவேன். ஓசூரில்தான் முதல் தடவையாக, இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

லாரிக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் கேஷுவலாகச் சேர்ந்திருந்தேன். தலைக்கு மேல் கூரை இருந்தது. மத்தியானம் கேன்டீன் சோறு. குவாரி வெயிலிலிருந்து வந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? கேஷுவல் ஆட்களில் சிலரைப் பெர்மனென்ட் ஆக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அதற்கு ஒரு மெடிக்கல் உண்டு. கம்பெனி டாக்டர் முன்னால் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும், குனிந்து தரையைத் தொட வேண்டும், குந்தி உட்கார்ந்து எதையும் பிடிக்காமல் எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அதில் தோற்றவன் வெளியே.

குவாரியிலேயே உடம்பு பாதி போயிருந்தது என்பது எனக்குத் தெரியும். தேற்ற வேண்டும் என்று நினைத்தேன்.

கரண்ட் தட்டுப்பாட்டால் அங்கே ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கிழமை வார லீவு. எங்களுக்கு வெள்ளிக்கிழமை. அன்றைக்குத் துணி துவைப்பது, சலூனுக்குப் போவது, பிறகு சத்து ஊசி. இது ஒரு வழக்கமாகவே இருந்தது. மெயின் ரோட்டு மருந்துக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. முன்பு எங்கோ கம்பவுண்டராக இருந்த ஒருவர் அங்கே ஊசி போடுவார். தமிழ்க்காரன், தெலுங்குக்காரன், கன்னடக்காரன் எல்லோரிடமும் அவரவர் பாஷையில் வியாதியைக் கேட்பார். ஊசி மட்டும் எல்லோருக்கும் ஒன்று. கூடவே மஞ்சள் நிறத்தில் மீன் எண்ணெய் மாத்திரை, பெரிய டப்பாவிலிருந்து காகிதத்தில் அள்ளிக் கட்டித் தருவார். எத்தனை சாப்பிட வேண்டும் என்று கேட்டால், "எத்தினி முடியுமோ அத்தினி. சத்து தானே, வெசமா?" என்பார்.

என் அறைக்கூட்டாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. படித்தவன், என்னோடு அதே லைனில் வேலை. அவன் ஊசிக்கு வர மாட்டான்.

"காளைமாட்டுக்குக் கூட இம்புட்டு ஊசி போட மாட்டாம்வே. என்ன, சந்தைல விக்கப் போறீரா உம்ம?"

"நீ நண்டும் மீனும் தின்னு வளந்தவன்பா. நான் கம்பங்கூழு. ஒன்னியும் என்னியும் ஒன்னா பேசாத."

அவன் சிரித்துவிட்டுத் துணி துவைக்கப் போனான்.

சில மாதம் கழித்து இறுக்கம் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் தொடையும் கெண்டைக்காலும் முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். நடக்க நடக்க விடும் என்று பார்த்தேன், விடவில்லை. தாகம் வேறு. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு காய்ந்தது. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. கக்கூஸில் குந்த முடியாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு அரைகுறையாக நின்றேன். வெளியே காத்திருந்த அறைக்கூட்டாளி கதவைத் தட்டினான்.

"என்னவே, உள்ள குடும்பமா நடத்துதீரு? ஷிப்டுக்கு நேரமாவுது!"

கக்கூஸில் குந்த முடியாதவன் டாக்டர் முன்னால் எப்படிக் குந்துவான்? அன்றைக்கு முழுக்க எனக்கு அதே நினைப்பு.

கம்பவுண்டரிடம் போனேன். அவர் என் தொடையை அமுக்கிப் பார்த்தார். "சத்து பாதி ஏறி நிக்குதுண்ணா. அதான் இறுக்குது. இப்போ விட்டா எல்லாம் வேஸ்ட். மெடிக்கல் எப்போ?"

"அடுத்த வாரங்க."

"அப்ப டபுளா போடலாம். பேன்ட்ட எறக்கு. வெக்கத்தயெல்லாம் பெர்மனென்ட் ஆனப்பறம் வெச்சிக்கோ."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பலம் இல்லாததால் இறுக்குகிறது, பலத்துக்கு மருந்து சத்து. எங்களில் யாரும் வேறு மாதிரி யோசித்திருக்க மாட்டோம். மாத்திரையையும் இரண்டு பங்காக விழுங்கினேன்.

மெடிக்கல் அன்று வரிசையில் எனக்குப் பின்னால் அறைக்கூட்டாளி நின்றான். கை தூக்கினேன். குனிந்தேன், விரல் தரைக்கு எட்டவில்லை, டாக்டர் கண்டுகொள்ளவில்லை. "உக்காரு" என்றார். பாதி வரை இறங்கினேன். தொடை பிடித்துக்கொண்டது. மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல் நின்று, மேசையைப் பிடித்தேன்.

"மேசைய விடு."

விட்டேன். பின்பக்கமாக விழுந்தேன். அறைக்கூட்டாளிதான் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான்.

டாக்டர், "நெக்ஸ்ட்" என்றார்.

அவன் தேறிவிட்டான். அன்று மாலை பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்தான். நான் படுத்திருப்பதைப் பார்த்துப் பிரிக்காமலே ஆணியில் மாட்டினான். "தின்னுப்பா, எனக்கென்ன" என்றேன். "பசிக்கல வே" என்றான். காலையில் அது கெட்டுப்போயிருந்தது.

பிறகு கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். நீண்ட வரிசை. அந்த டாக்டரம்மா முகத்தைக் கூட நிமிர்த்தாமல் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

"யாரு எழுதிக் குடுத்தா?"

"யாரும் எழுதலிங்க. சத்துதானுங்களே."

"சத்துன்னா? சில வைட்டமின் வேண்டாததெல்லாம் ஒண்ணுக்குல போயிடும். சிலது போவாது, உள்ளயே சேரும். சேந்தா இப்படித் தாகம் எடுக்கும், சாப்பாடு புடிக்காது, சதை வலிக்கும், இறுக்கலாம்."

"அப்ப இதனாலதானுங்களா?"

"இருக்கலாம். நீ கல்லு தூக்கினதாவும் இருக்கலாம். இந்தப் பக்கத்துத் தண்ணியில புளோரைடு ஜாஸ்தி, அதுல பல்லு காவி ஏறி முதுகு கட்டிப் போனவங்களத் தெனம் பாக்கறேன், அதுவாவும் இருக்கலாம். எதுன்னு தெரியணும்னா ரத்த டெஸ்ட்டுக்கு நீ பெங்களூரு போவணும். மொதல்ல எல்லாத்தயும் நிறுத்து."

பெங்களூர் போகவில்லை. எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நிறுத்தியதும் தாகம் போனது, சோறு இறங்கியது. இறுக்கம் மெதுவாகத்தான் விட்டது, அதுவும் முழுசாக இல்லை. அதற்குள் கேஷுவல் வேலையும் போய்விட்டது. சூளகிரிக்குப் பக்கத்தில் ஒருவர் தோட்டத்தில் மோட்டார் போடவும் நிறுத்தவுமாக இருந்தேன். வரப்பில் யாரும் இல்லாத நேரத்தில் குந்திப் பார்ப்பேன். ஒரு நாள் முழுசாகக் குந்த முடிந்தது. கை ஊன்றாமல் எழவும் முடிந்தது.

மறுநாளே பஸ் ஏறி கம்பெனி கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் ஆனேக்கல் பக்கத்துக்காரர், அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"இப்ப நல்லா ஆயிட்டேண்ணா. உள்ள ஒரு வார்த்த சொல்லுங்க. மறுபடி டெஸ்ட் வெச்சா..."

"ஆய்த்துப்பா, எல்லாம் முடிஞ்சிபோச்சு. இனிமே கேஷுவலே கெடயாது. ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட் இருந்தாத்தான் உள்ள."

"பாருங்க, நீங்களே பாருங்க" என்று அங்கேயே ரோட்டில் குந்தி உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். ஷிப்ட் விட்டு வந்தவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பார்த்துக்கொண்டு போனார்கள்.

"பாத்தேம்பா" என்றார் வாட்ச்மேன். குரலில் கோபம் இல்லை. "நல்லாத்தான் உக்கார்ற. லாரி வெளிய வருது, ஓரமா போய் நில்லு."

எழுந்து ஓரமாக நின்றேன். அவர் கேட்டைத் திறந்தார், லாரி போனது, கேட்டை மூடினார்.