கிணறு எங்களுக்கு, பாதாளக் கரண்டி அவர்களுக்கு

என் அடுப்படியில் ஓர் இழுப்பறை இருக்கிறது. பூண்டு உரிக்கும் ரப்பர் குழாய், அன்னாசிப் பழத்தைச் சுருளாக அறுக்கும் கருவி, மக்காச்சோள முத்து உதிர்க்கும் வளையம், இளநீரில் துளை போடும் ஆணி என்று அதில் சகலமும் உண்டு. இவற்றில் எது இல்லாவிட்டாலும் குடி முழுகிப் போகாது. வருஷத்துக்கு இரண்டு நாள் வேலை செய்கிற சாமானுக்கு வருஷம் முழுக்க எதற்கு இடம் என்பது என் கணவரின் கட்சி. நான் வாதாடுவதில்லை. ஒரே ஒரு மதியம் வேலை செய்த ஒரு சாமானால் என் முதுகுத்தோல் தப்பிய கதையை அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று தெரியாததுதான் காரணம்.

அந்தச் சாமானுக்குப் பாதாளக் கரண்டி என்று பெயர். கிணற்றில் விழுந்த வாளியையும் குடத்தையும் எடுப்பதற்கென்றே செய்தது. இரும்பு வளையத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கொக்கிகள் தொங்கும். கயிற்றில் கட்டி உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். வேறு எதற்கும் உதவாது என்பதால் ஊருக்கு ஒன்று இருந்தால் போதும். கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவிலிருந்த எங்கள் ஊரில் அது எங்கள் வீட்டில் இருந்தது. இரவல் கேட்டு வருகிறவர்கள் ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும். வெறுங்கையோடு வந்தால் கிடையாது. வேலை முடிந்த மறுநிமிடம் மறந்துபோகிற சாமான் அது. ஈடு இல்லாவிட்டால் திரும்பி வராது.

எனக்கு ஏழு வயதானபோது அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வயல், மாடு, தென்னை எல்லாம் ஒழுங்காகத்தான் பிரிந்தன. கிணறு எங்கள் பக்கம் வந்தது. கரண்டி அவர்கள் பக்கம் போனது. போர் போட்டு மோட்டார் வைத்துக்கொண்ட பெரியப்பாவுக்குக் கிணறு இல்லை, கிணறு வைத்திருந்த எங்களுக்குக் கரண்டி இல்லை. அண்ணன் தம்பிதானே, கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பாகம் பிரித்துவைத்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். ஆனால் ஆறே மாதத்தில் ஒரு வரப்பு ஒரு சாண் நகர்ந்துவிட்டது. நகர்த்தியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நண்டுகளாகக்கூட இருக்கலாம். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. நடுவில் ஒரு சுவர் எழுந்தது.

அதன் பிறகு எங்கள் கிணற்றில் வாளி விழுவதே நின்றுவிட்டது. அப்பா அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம வீட்ல யாரும் கை நழுவ விடுறதில்ல" என்று ஊரில் நாலு பேர் காதில் விழும்படி சொல்வார். ஆனால் சந்தையிலிருந்து புது வாளி மட்டும் அவ்வப்போது வந்துகொண்டிருந்தது.

எனக்குப் பத்து வயதான தை மாதத்தில் இது நடந்தது. சம்பா பயிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. அறுப்பு மிஷினுக்கு ஊரே வரிசையில் நிற்க, மூன்று நாள் அலைந்து அப்பா ஒன்றைப் பிடித்து வந்திருந்தார். காலையில் பாதி வயல் முடிந்தது. மதியம் கிழக்கே கறுக்கத் தொடங்கியது. அறுபடாமல் நின்ற பாதி நனைந்து படுத்துவிட்டால் நெல் கதிரிலேயே முளைத்துவிடும், அந்த வருஷம் அவ்வளவுதான். அப்பா மேகத்தைப் பார்த்தபடி வயலை விட்டு நகரவே இல்லை. மிஷின் டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், நிதானமான மனிதர். கிணற்றடியில் குளித்துவிட்டு, அம்மா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு, மாமர நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். அரை மணி நேரம் கண்ணயர்ந்தால்தான் அவருக்கு வண்டி ஓடுமாம்.

அவருடைய சாவிக்கொத்து கிணற்றுச் சுவர்மேல் கிடந்தது. சாவி என்னவோ ஒன்றுதான். அதோடு நகவெட்டி, காது குடையும் கம்பி, சோடா மூடி திறப்பான், ஒரு விரல் நீளக் கத்தி, அதைவிடச் சிறிய டார்ச் எல்லாம் ஒரு பெரிய வளையத்தில் தொங்கின. அப்படி ஒரு பொக்கிஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. டார்ச்சை அமுக்கிக் கிணற்றுக்குள் அடித்துப் பார்த்தேன். தண்ணீரில் ஒரு கெண்டை திரும்பியது. இன்னும் கொஞ்சம் குனிந்தேன். டார்ச் கையிலேயே இருக்கிறது என்றுதான் நினைத்தேன், தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை.

சாவி இல்லாமல் மிஷின் நகராது, நகராவிட்டால் நெல் போய்விடும், நெல் போனால் அப்பா என்னை என்ன செய்வார் என்பதை நினைக்கவே பயமாக இருந்தது. டிரைவர் எழுவதற்குள் எடுத்துவிட வேண்டும். எடுக்கக்கூடிய சாமான் சுவருக்கு அந்தப் பக்கம், பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெறுங்கையோடு போகக்கூடாது என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது. அம்மா பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுக்களை மேல்தட்டின் பின்வரிசையில் ஒரு பித்தளைச் சொம்பு உண்டு. அம்மா அதை எடுத்துப் புழங்கி நான் பார்த்ததே இல்லை. காணாமல் போனாலும் தெரியாது என்று கணக்குப் போட்டு, முக்காலி மேல் ஏறி அதை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மூன்று வருஷம் கழித்து அந்த வீட்டு வாசலில் நின்றபோது பெரியம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாதாளக் கரண்டி வேணும் பெரியம்மா."

"என்ன விழுந்துச்சு?"

"வாளி."

சொம்பை நீட்டினேன். பெரியம்மா வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பக்கம் ஏதோ பெயர் வெட்டியிருந்தது. அதன்மேல் விரலை வைத்துத் தடவினார்.

"இத உங்கம்மாவா எடுத்துக் குடுத்தா?"

"ஆமா."

"இதையேதான் குடுக்கச் சொன்னாளா?"

எடுத்த பாத்திரம் சரியில்லை போலிருக்கிறது, கரண்டி கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து இன்னும் அழுத்தமாகவே சொன்னேன். "ஆமா பெரியம்மா. இதத்தான் குடுக்கணும்னு சொன்னாங்க."

பெரியம்மா முந்தானையால் சொம்பைத் துடைத்தார். பிறகு முகத்தையும் துடைத்துக்கொண்டார். உள்ளே திரும்பி, "ஏங்க, எந்திரிங்க. கரண்டிய எடுத்துக்கிட்டு நீங்களே போங்க. புள்ளையால தூக்க முடியாது" என்றார்.

கரண்டியைக் கையில் கொடுத்தால் போதும் என்று எனக்குத் தவிப்பு. பெரியப்பாவோ பெட்டியைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கிணற்றில் துழாவப் போகிறவர் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. கொல்லைப் பக்கம் சுவர் முடிகிற இடத்தைச் சுற்றினால் நாலே எட்டு. அவர் தெருவைச் சுற்றி எங்கள் வீட்டு முன்வாசல் வழியாக, கையில் கரண்டியோடு, கல்யாணத்துக்கு வருகிறவர் மாதிரி வந்தார்.

அம்மா ஈரக் கையோடு எழுந்து நின்றார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு, "வாங்க" என்றார். பெரியப்பா தலையை அசைத்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனார்.

அங்கே நான் அழுதுகொண்டே உண்மையில் பாதியைச் சொன்னேன். விழுந்தது வாளி இல்லை, சாவி என்று. அதே நேரத்தில் டிரைவரை எழுப்ப அப்பா வயலிலிருந்து ஓடி வந்தார். சாவி விழுந்ததைக் கேட்டார், அண்ணனைப் பார்த்தார், என்னை அடிக்க ஓங்கிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அண்ணன் முன்னால் பிள்ளையை அடிக்கும் வழக்கம் அப்பாவுக்கு இல்லை. சத்தம் கேட்டு எழுந்து வந்த டிரைவரிடம் திரும்பி வேறு சாவி உண்டா என்று கேட்டார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டபடி, "ஓனருகிட்ட இருக்குங்க. ஆத்தூர்ல" என்றார்.

பெரியப்பா கயிற்றை விட்டார். முதலில் ஒரு வாளி வந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு மறுபடி விட்டார். இன்னொரு வாளி. மூன்றாவதாகக் காதறுந்த ஒன்று. மூன்றையும் வரிசையாக வைத்தார். அப்பா மேகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது வாளி வந்தபோது, "கை நழுவுறதில்லன்னு கேள்விப்பட்டேன்" என்றார் பெரியப்பா, கிணற்றைப் பார்த்து.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் துண்டால் வாயை மூடிக்கொண்டார். "இன்னும் ரெண்டு கெடக்கும்ணே" என்றார்.

ஆறாவது தடவை சாவிக்கொத்தின் பெரிய வளையம் ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டு மேலே வந்தது. நகவெட்டி, கத்தி, டார்ச் எல்லாம் சொட்டச் சொட்டத் தொங்கின. வண்டி கிளம்பியது. பெரியப்பா வெள்ளைச் சட்டையைக் கழற்றி எங்கள் கொடியில் போட்டுவிட்டுத் தன் வீட்டுத் தார்ப்பாய் இரண்டையும் சுமந்து வயலுக்கு நடந்தார். கடைசி மூட்டை கட்டி, குவியல்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டியபிறகுதான் மழை பிடித்தது. அண்ணனும் தம்பியும் ஒரே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பசி எடுத்தது.

மறுநாள் கிளம்பும்போது டிரைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாவி இல்லாட்டியும் ரெண்டு வயர ஒட்டிக் கெளப்பிருப்பேன் பாப்பா. உங்கப்பாரும் பெரியப்பாரும் நின்ன நெலையப் பாத்தேன். சொல்ல மனசு வரல" என்றார். எனக்குக் கோபமாக வந்தது. அவ்வளவு பயமும் வீண் என்று தோன்றியது.

அதைவிடப் பெரிய பயம் டிரைவர் போன அன்று மாலை வந்தது. பெரியம்மாவே சொம்பை எடுத்துக்கொண்டு வந்தார். வெறும் சொம்பாகத் தரக்கூடாது என்று அது நிறையச் சர்க்கரைப் பொங்கல். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"இவ காதுகுத்துக்கு நான் வாங்கிக் குடுத்தது. நீ தூக்கிப் போட்டுருப்பேன்னு நெனச்சேன். நீ இதையே குடுத்தனுப்புனதும் எனக்கு ஒண்ணும் ஓடல" என்றார் பெரியம்மா.

அம்மா சொம்பைப் பார்த்தார். நிமிர்ந்து, மேல்தட்டின் பின்வரிசையில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். கீழே கிடந்த முக்காலியைப் பார்த்தார். கடைசியாகக் கதவிடுக்கில் தெரிந்த என் ஒற்றைக் கண்ணைப் பார்த்தார். ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்தால்கூட மூன்று நாள் விசாரணை நடத்துகிறவர். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆமாக்கா" என்றார் அம்மா. "நாந்தான் குடுத்தனுப்புனேன். உக்காருங்க."

பெரியவர்களுக்கு ஒரே நாளில் எல்லாம் மறந்துபோய்விடும் போலிருக்கிறது என்று நினைத்தேன். தப்பித்த நிம்மதியில் கதவை விட்டு வெளியே வந்து, எனக்கும் கொஞ்சம் பொங்கல் வேண்டும் என்று கை நீட்டினேன்.