வாத்துப் பாட்டுக்குப் படுத்துக்கொண்ட பிள்ளை

எங்கள் ஏரி மதகு பிடுங்கிக்கொண்டு போய், அறுப்புக்கு நின்ற நெல்லெல்லாம் தண்ணீரில் படுத்ததே, அந்த மழைக்கு அடுத்த வருஷம். முளை விட்ட அந்த நெல்லைக் கோழிகூடச் சரியாகத் தின்னவில்லை. அது கிடக்கட்டும். அந்த வருஷம்தான் என் மருமகள் காய்ச்சலில் போனாள். கருமாதி முடிந்த கையோடு திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போன மகன் திரும்பவேயில்லை. பேத்திக்கு மூன்று வயது. அம்மா போனதிலிருந்து வாய் திறக்கவில்லை.

களமருதூரில் அங்கன்வாடிக்குக் கூட்டிப்போவேன். விட்டுவிட்டு வர மனசு வராது, வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். டீச்சர் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, பாட்டுச் சொல்லித் தாளம் பழக்குவார்.

"வாத்து வாத்து வளைஞ்சு வா, வாய்க்கா தண்ணில நனைஞ்சு வா."

எல்லாப் பிள்ளைகளும் கை தட்டும். என் பேத்தி மட்டும், தட்டுச் சத்தம் கேட்டதும் தரையில் ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள்.

"இன்னா தாத்தா, வூட்ல புள்ளயத் தூங்க வுடறதே இல்லியா? டிவிய போட்டுக்கினு குந்தியிருக்கீங்களா?"

"எங்க வூட்ல டிவி ஏது டீச்சர். வெளக்கு வெச்சதும் படுத்துடுவோம்."

"அப்புறம் ஏன் நாங்க தட்டனா படுத்துக்குது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருமகள் கரும்பு வெட்டப் போய் வந்து, எத்தனை அலுப்பிலும் பிள்ளையைப் பக்கத்தில் போட்டு முதுகில் தட்டிக்கொண்டிருப்பாள். பாட வராது அவளுக்கு, வெறும் தட்டுதான். பிள்ளைக்குத் தெரிந்த தாளம் அது ஒன்றே. அங்கன்வாடியில் அவள் தூங்கவில்லை. முதுகுக்குக் கை வருமென்று காத்துக் கிடந்தாள்.

சொன்னேன். மறுநாள் டீச்சர் மற்ற பிள்ளைகளைத் தட்டச் சொல்லிவிட்டு, இவள் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டுக்கு ஏற்ப முதுகில் தட்டினார்.

"நீங்களும் வூட்ல இப்படியே தட்டிக்கினு சொல்லுங்க தாத்தா. பேச்சு மெதுவா வரட்டும்."

என் கை மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. பட்டதும் முதலில் சுருங்கிக்கொண்டாள். அப்புறம் பழகிவிட்டாள், பேசத்தான் இல்லை.

போன வாரம் எனக்குக் குளிர்காய்ச்சல். மத்தியானத்தில் சாக்கை விரித்துச் சுருண்டு கிடந்தேன். முதுகில் சின்னக் கை ஒன்று விழுந்தது. வாத்துப் பாட்டின் தட்டு. 'வா' என்னும் இடத்தில் கொஞ்சம் விட்டு, மறுபடி. தப்பவேயில்லை. சத்தம் வரவில்லை. உதடாவது அசைந்ததோ என்னவோ. திரும்பினால் நிறுத்திவிடுவாளென்று நான் திரும்பவில்லை.

மகன் போன் எடுப்பதில்லை. திருப்பூர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவனைப் பார்த்தால் சொல்லுங்கள். திட்ட வேண்டாம். உன் பிள்ளை தட்டுகிறாள் என்று மட்டும் சொல்லுங்கள்.